பாலாறு ஹவுஸில் என் மகள்

என் மகளைப் பிரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வேலையில் சேர்ந்தேன்.

கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. புதுப்பட்டினத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். காரியம் முடிந்ததும் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த மாமியார் சொன்னார்: "பாப்பாவ எங்ககூட அனுப்பிரு. நீ ஏதாச்சும் வேலை பாத்துக்க. லீவுக்கு வந்து அவளப் பாத்துட்டுப் போ." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் லீவுக்கு வந்து பார்ப்பது என்ற பேச்சைக் கேட்டதுமே மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். மகளுக்கு அப்போது பத்து வயது. இரவில் என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் ஹவுஸ் மதர் வேலை இருக்கிறது, அறையும் சாப்பாடும் உண்டு, பிள்ளைக்குப் படிப்பு இலவசம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது, கடவுளே நேரில் வந்து சொன்னது போல இருந்தது.

பள்ளி மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்தது. கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் போகும் மண்பாதை அதன் கேட்டில் முடியும். பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி. பிள்ளைகளை நான்கு ஹவுஸாகப் பிரித்திருந்தார்கள்: பாலாறு, வைகை, காவிரி, பொருநை. ஒவ்வொரு ஹவுஸுக்கும் தனிக் கட்டடம், தனி நிறம், ஒரு கேப்டன், ஒரு ஹவுஸ் மதர். ஹவுஸ் மதர் என்றால் பிள்ளைகளைக் காலையில் எழுப்புவதிலிருந்து விளக்கணைத்துப் படுக்கவைப்பது வரை கூடவே இருப்பவள். நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது எல்லாம் அவள் வேலை.

பிரின்சிபால் வயதானவர், மரியாதையாகப் பேசுவார். "பொண்ணு இங்கேயே படிக்கட்டும்மா" என்றார். "ஆனா ரெண்டு விஷயம். உங்களுக்கு வைகை ஹவுஸ் தர்றோம். பொண்ணு வேற ஹவுஸ்லதான் இருக்கணும். அப்புறம், கேம்பஸுக்குள்ள நீங்க அவளுக்கு மிஸ். அவ உங்களுக்கு ஸ்டூடண்ட். முன்னாடி ஒரு மிஸ்ஸோட பொண்ணு அதே ஹவுஸ்ல இருந்தா. அவளுக்கு மட்டும் தனி கவனிப்புன்னு மத்த பேரண்ட்ஸ் வந்து பெரிய சண்டையாயிடுச்சு."

"ஒரே காம்பவுண்டுக்குள்ளதானே சார் இருக்கப்போறோம்" என்றேன்.

"அதைத்தான் சொல்றேன். உங்களுக்குக் கஷ்டமே இருக்காது" என்றார் அவர்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ரிப்பன் கொடுத்தார்கள். என் மகளுக்கு நீலம் கொடுத்தார்கள். பாலாறு. அவள் ரிப்பனை வாங்கிக்கொண்டு வைகையின் மஞ்சள் கொடியின் கீழ் நின்றிருந்த என்னிடம் ஓடி வந்தாள். "அம்மா, நான் உன் லைன்ல நிக்கலாமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் நீலப் புடவை கட்டிய ஒரு பெண் வந்து அவள் தோளில் கை வைத்து, "வா கண்ணு, நம்ம லைன் அங்க இருக்கு" என்று கூட்டிப் போனார்.

அவர்தான் பாலாறு ஹவுஸ் மதர். மதுராந்தகத்து முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். அண்ணன்மார் அங்கே நெல் மண்டி வைத்திருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கணக்குப் பாடமும் எடுத்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நாங்கள் ஒருவரையொருவர் மிஸ் என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

விடியும் முன்பே மணி அடிக்கும். வைகையின் அறுபது பிள்ளைகளையும் கொசுவலைக்குள்ளிருந்து கிளப்ப வேண்டும். பக்கெட்டோடு குளியலறை வாசலில் வரிசை நிற்கும். கடற்காற்றில் உப்பு ஏறிப் போர்வைகள் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும், அதைச் சுருக்கமில்லாமல் மடித்து வைத்தால் ஹவுஸுக்கு ஒரு பாயிண்ட். மெஸ்ஸுக்குப் போகும் வழியில் பேசாமல் போனால் ஒரு பாயிண்ட். தட்டில் மிச்சம் வைத்தால் ஒன்று குறையும். சனிக்கிழமை அசெம்பிளியில் எந்த ஹவுஸ் முன்னால் நிற்கிறது என்று அறிவிப்பார்கள். பிள்ளைகள் அதற்காக உயிரை விடுவார்கள். பாலாறும் வைகையும்தான் எப்போதும் போட்டி. வைகைப் பிள்ளைகளுக்குப் பாலாறு என்றால் ஆகாது. ஹவுஸ் மதரும் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நான் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

மெஸ்ஸில் பாலாறு மேசைகள் அந்தக் கோடியில் இருந்தன. என் மகள் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைப்பது அங்கிருந்து தெரியும். சாம்பாரில் கத்தரிக்காய் இருந்தால் அவள் சாப்பிட மாட்டாள். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றும். பாலாறு மிஸ் அவள் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்வார். அவள் வாய்க்குள் அடைத்துக்கொண்டு விழுங்குவாள். நான் என் மேசையில் யாரோ ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வரும் நாள். கார்கள் சவுக்குத் தோப்பு முழுக்க நிற்கும். நாவலூரில் வேலை பார்க்கும் அப்பாக்கள் அரைக்கால் சட்டையோடு வந்து மணலில் பாய் விரிப்பார்கள். டப்பாக்களைத் திறந்தால் பிரியாணி வாசனை கேட் வரைக்கும் அடிக்கும். அன்று என் மகள் பாலாறு கட்டடத்துப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். மூன்று மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பிரின்சிபாலிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "தாராளமா. மத்தவங்க மாதிரி நீங்களும் விசிட்டரா வந்து ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போங்க" என்றார்.

விசிட்டராக வருவது என்றால் எங்கிருந்து வருவது? எங்கள் ஹவுஸில் வேலை செய்த ஆயா பக்கத்துக் குப்பத்துக்காரி. அவளை அனுப்பி மாமல்லபுரத்திலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவரச் சொன்னேன். மஞ்சள் புடவையை மாற்றிவிட்டு வேறொன்று கட்டிக்கொண்டு, பையோடு கேட்டுக்குப் போய் மகளின் பெயரைச் சொல்லிக் காத்திருந்தேன். அவள் வந்தாள். முதலில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்து ஊட்டினேன். "அம்மா, என் பக்கத்து கட்டில் பொண்ணு தூக்கத்துல பல்லக் கடிக்கிறா" என்று ஆரம்பித்தாள். அதற்குள் வைகையிலிருந்து ஒரு பெரிய பெண் ஓடி வந்தாள். "மிஸ், ஒருத்திக்கு மூக்குல ரத்தம் கொட்டுது, நிக்க மாட்டேங்குது." நான் கை கழுவாமலே ஓடினேன். திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டது. பொட்டலத்தில் பரோட்டா அப்படியே மூடி வைத்திருந்தது. மகள் இல்லை.

அடுத்த மாதமும் போனேன், அதற்கடுத்த மாதமும். ஏதாவது ஒன்று நடக்கும், யாராவது என்னைத் தேடி வருவார்கள். ஒருநாள் அவளே சொன்னாள்: "இனிமே வராதீங்க. எல்லாரும் பாக்கறாங்க. இங்கேயே இருக்கிறவங்க எதுக்கு விசிட்டர்னு கேக்கறாங்க."

வராதீங்க என்று அவள் சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடுமுறை இருக்கிறதே என்று இருந்தேன். எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை. எல்லாரும் போன பிறகு வைகை கட்டடத்தின் கடைசியில் இருந்த என் அறைதான் எங்கள் வீடு. அந்த வருஷத்து அரைப்பரீட்சை விடுமுறையில் அவள் அறைக்குள் ஓடி வந்து என் கட்டிலில் விழுந்து, "அம்மா அம்மா அம்மா" என்று தலையணைக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தேக்கிவைத்த அத்தனையையும் தீர்ப்பது போல. மாலையில் கடற்கரைக்குப் போய் நண்டு துரத்தினோம்.

ஏழாம் வகுப்பு வருஷம் வைகைக்குப் புதிதாக ஒரு சின்னப் பெண் வந்தாள். அப்பா அம்மா இருவரும் வெளிநாட்டில். வந்த நாளிலிருந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். ஒருநாள் மெஸ்ஸில் காய்ச்சலோடு என் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டு, "அம்மா, அம்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்லடா தங்கம், அம்மா இருக்கேன்ல" என்றேன். வாயில் வந்துவிட்டது. எந்த ஹவுஸ் மதருக்கும் அது வரும். தலையை நிமிர்த்தினால் என் மகள் இரண்டாவது தோசைக்குத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாள். என்னையும் அந்தப் பிள்ளையையும் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. யாரோ இரண்டு பேரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, தோசை வாங்காமலே தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

அந்த விடுமுறையில் அறைக்குள் வந்தவள் கதவருகே நின்று, "மிஸ், என் பையை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

"இங்க யாருமில்லடி. அம்மான்னு கூப்பிடு" என்றேன்.

"பழகிடுச்சு" என்றாள்.

எட்டாம் வகுப்பில் அவள் வயதுக்கு வந்தாள். மாலைப் படிப்பு நேரம். வைகைப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். ஆயா வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள்: "இன்னா மிஸ்ஸு, இங்க குந்திகினு கீற? உன் பொண்ணு மத்தியானமே வயசுக்கு வந்துட்ச்சாம். அந்த ஹவுஸ் மிஸ்ஸு ரூம்ல கீது. யாரும் உனுக்கு சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. ஓடினேன். பாலாறு மிஸ்ஸின் அறையில் என் மகள் தலைக்குக் குளித்து, புதிய நைட்டி போட்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கிண்ணம். மிஸ் மெஸ்ஸில் சொல்லி உளுந்தங்களி கிண்டவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். "கிளாஸ் நடுவுல வயித்து வலின்னு வந்தா. உடனே உங்ககிட்ட சொல்லணும்னுதான் நினைச்சேன். அவதான் அப்புறமா சொல்லலாம்னா. நான் சொல்லியிருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க மிஸ்" என்றார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அவரிடம் சண்டை போட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதாடி?" என்று கேட்டேன்.

"இப்ப இல்ல மிஸ்" என்றாள். கிண்ணத்தை அவரிடம்தான் நீட்டினாள்.

திண்டுக்கல்லிலிருந்து மாமியார் போன் செய்து, சடங்கு வைக்க வேண்டாமா, தாய்மாமன் சீர் வேண்டாமா என்று அழுதார். மகளிடம் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். அந்த வருஷம் ரம்ஜானுக்கு மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தது. பாலாறு மிஸ்ஸோடு மதுராந்தகம் போக அனுமதி கேட்டு பிரின்சிபாலிடம் அவளே போனாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். புதுச் சுடிதாரோடும் கையில் மருதாணியோடும் திரும்பி வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாள் பார்த்திருக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில்தான் அந்த ஸ்போர்ட்ஸ் டே. கடைசிப் போட்டி ரிலே. அதில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வருஷத்துக் கோப்பை என்ற நிலை. பாலாறுக்குக் கடைசியாக ஓடியவள் என் மகள். எங்கள் வைகைப் பெண்ணுக்கு இரண்டு கை தூரம் முன்னால் வந்துகொண்டிருந்தாள். என் கூடாரத்தில் அறுபது பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் கத்தவில்லை, வாயை மூடிக்கொண்டு அவளை மட்டும் பார்த்தேன். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மணலில் கால் மடங்கி, கையை ஊன்றி விழுந்தாள். எங்கள் பெண் அவளைத் தாண்டிப் போய் நாடாவை அறுத்தாள். அதே நிமிடம் வைகைப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்து கட்டிக்கொண்டு குதித்தார்கள். "மிஸ், ஜெயிச்சுட்டோம் மிஸ்!" அவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் பாலாறு மிஸ் அவளைத் தூக்கி வேனில் ஏற்றிவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்து கை கோணலாகத் தொங்கியதாம்.

வேன் கிளம்பியது. நான் பின்னால் ஓடினேன். பிரின்சிபால் என் முன்னால் வந்து நின்றார். "அந்த மிஸ் கூடப் போயிருக்காங்கம்மா. ரெண்டு ஹவுஸையும் ஆள் இல்லாம விட முடியாது. இன்னிக்கு இத்தனை பேரண்ட்ஸ் வந்திருக்காங்க. ஃபங்ஷன் முடியட்டும், நானே வண்டி ஏற்பாடு பண்றேன்" என்றார். என் கையிலேயே கோப்பையைக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பாலாறு கூடாரத்துப் பிள்ளைகளையும் நான்தான் அன்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், என் மகளுக்காக. வேனும் டிரைவரும் செங்கல்பட்டிலேயே தங்கிவிட்டதால், இரவில் இரண்டு ஹவுஸையும் விட்டு பஸ் பிடிக்கவும் முடியாமல், எனக்கு வண்டி கிடைத்தது மறுநாள் காலையில்தான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் நர்ஸ் என்னை நிறுத்தி, "நீ யாரும்மா?" என்றாள்.

"அவ அம்மா."

"அப்ப உள்ள கீறது யாரு? அவங்கதான் கையெழுத்துலாம் போட்டாங்க. எலும்ப இழுத்து கட்டு கட்டும்போதுகூட அவங்க கைய பிடிச்சிகினு இருந்துச்சி பொண்ணு, விடவே இல்ல."

உள்ளே போனேன். பாலாறு மிஸ் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கட்டிலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் விழித்திருந்தாள். நான் பேச வாயெடுத்ததும் நல்ல கையின் விரலை உதட்டில் வைத்து, "எழுப்பாதீங்க. பாவம், தூங்கவே இல்ல" என்றாள்.

அன்று திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். போதும். அந்த மாதமே செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடி வீடு பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடி. ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை தருவதாகச் சொன்னார்கள். பக்கத்திலேயே அரசுப் பள்ளி. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். அரைப்பரீட்சை விடுமுறையில் மகளை பஸ்ஸில் கூட்டிப் போய் அந்த வீட்டைக் காட்டினேன். ஜன்னலைத் திறந்தால் தாம்பரம் பக்கம் போகிற மின்சார ரயில் தெரியும். "நாம ரெண்டு பேரும் இங்க இருக்கலாம். மணி கிடையாது, மிஸ் கிடையாது. நான் சமைச்சுப் போடறேன்" என்றேன். எனக்கே என் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

அவள் காலி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"நீங்க வேணா இங்க வந்துடுங்க. நான் பாலாறுலயே இருக்கேன்" என்றாள்.

"நான் வேலைய விட்டா உனக்கு அங்க இடம் கிடையாதுடி. நான் அங்க இருக்கறதாலதான் உனக்கு ஃபீஸ் இல்ல."

அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அழ ஆரம்பித்தாள். கை முறிந்தபோது அழாதவள், அன்று தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். "ப்ளீஸ். என்னைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அடுத்த வருஷம் என்னை வைஸ் கேப்டன் ஆக்கறாங்க. என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான். மிஸ் அங்கதான். ப்ளீஸ், வேலைய விடாதீங்க."

நான் அவளைத் தொடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல வருஷத்துக்குப் பிறகு அவளாகப் பிடித்தது. கேட்டதை நான் கொடுத்துவிட வேண்டுமே என்று என் கையை அழுத்திக்கொண்டிருந்தாள். சரி என்றேன். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. நானும் திரும்பப் போய்க் கேட்கவில்லை.

அவள் என் மகளாக இல்லாமல் அங்கே சந்தோஷமாக இருப்பதற்காக நான் அங்கே வேலை செய்தேன். அதற்கப்புறம் அதை இப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொள்ள முடிந்தது. காலையில் மணி அடிக்கும். எழுந்து அறுபது கொசுவலைகளைத் தூக்குவேன். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறினார்கள். எல்லாரும் என்மேல் உயிராக இருந்தார்கள், பிறகு போனார்கள், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினார்கள். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் பாலாறு கேப்டன் ஆனாள். அசெம்பிளியில் நீலக் கொடியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து நடப்பாள். நல்ல நடை. அவள் அப்பாவின் நடை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். ஆயாவிடம் ஒருமுறை சொன்னேன். "நடையெல்லாம் நல்லாத்தான் கீது. உன்னாண்ட நடந்து வரலியே" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவளிடமும் சொல்லவில்லை.

கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போனாள். படிப்பு முடிந்து நாவலூரில் வேலை கிடைத்தது. மூன்று தோழிகளோடு ஒரு அபார்ட்மென்டில் இருந்தாள். எனக்கு நல்ல புடவைகள் வாங்கிக் கொடுத்தாள், மாதாமாதம் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். ஒருகாலும் என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. அவள் வீட்டுக்குப் போனால் சோபாவில் உட்காரவைத்து காபி கொடுப்பாள். எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கப் பார்த்தால், "ஐயோ, நீங்க உக்காருங்க" என்று பதறுவாள். ஒருமுறை, "உனக்கு எம்மேல கோபமாடி?" என்று கேட்டே விட்டேன். அவள் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். "இல்லியே. நீங்க ரொம்ப கஷ்டப்பட்டீங்க. எனக்குத் தெரியும்" என்றாள். கோபம் என்று சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

போன வருஷம் அவள் கனடா போனாள். அங்கே வேலை கிடைத்த செய்தி எனக்கு மூன்றாவது ஆளாகவோ நான்காவது ஆளாகவோதான் வந்திருக்கும். பாலாறு மிஸ்தான் போனில் சொன்னார். அவர் ஓய்வு பெற்று மதுராந்தகத்தில் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தார். "உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன் மிஸ்" என்று தடுமாறினார். விமான நிலையத்துக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், அவரையும் கட்டிக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

எனக்கும் வரும் மே மாதத்தோடு வேலை முடிகிறது. அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். புதிய பிரின்சிபால் அதை நாசூக்காகத்தான் சொன்னார். திண்டுக்கல்லில் யாரும் இல்லை. மகள் பணம் அனுப்புவதாகவும் நல்ல முதியோர் இல்லம் பார்க்கலாம் என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் அக்கறைதான் இருந்தது.

போன மாதம் ஒருநாள் பாலாறு மிஸ் கூப்பிட்டார் என்று மதுராந்தகம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏரிக்கரை. மாடியில் இரண்டு அறை. ஒன்றைக் காட்டி, "இது சும்மாதான் கெடக்கு. நீங்க இங்க வந்துடுங்களேன்" என்றார். நான் ஜன்னல் வழியே ஏரிக்கரையைப் பார்த்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, போனை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அந்தக் காலத்தில் ஹவுஸில் எடுத்த படங்களை எல்லாம் யாரோ ஒரு பெண் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாளாம்.

ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். பாலாறு வராந்தாவில் என் மகள் பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு படத்தில் ஓரத்துப் பல் ஒன்று இல்லை. ஒன்றில் முகமெல்லாம் கேக். ஒன்றில் யாருக்கோ டான்ஸ் சொல்லிக் கொடுக்கிறாள், காலைத் தூக்கி வாயைத் திறந்து கத்திக்கொண்டு. அவளுக்கு ஆடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"பாலாறுல எப்படி இருப்பா?" என்று கேட்டேன். "கொஞ்சம் சொல்லுங்க மிஸ்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். இடி இடித்தால் அவர் அறை வாசலில் வந்து தலையணையோடு நிற்பாளாம். பெரிய பிள்ளைகளை மிமிக்ரி செய்வாளாம். பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவாளாம். கணக்கு வராமல் நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அரை மணி கழித்து அதை ஒட்டிக்கொண்டு வருவாளாம். அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், எனக்கும் அதெல்லாம் ஞாபகம் இருப்பது போல. அவர் கண்டுகொள்ளவில்லை, அல்லது கண்டுகொண்டும் சொல்லிக்கொண்டே போனார். கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.